கிளிசரின் போடாத அப்பா

ஆமா தம்பி, அவனேதான். சீரியல்ல இல்ல, சினிமாவுல. நீங்க நெனச்சது சரிதான். ஒக்காருங்க, பைய மேல வச்சிருங்க, விழாது. மணப்பாறையா? நல்லதாப் போச்சு. நான் திருச்சி. அங்கேருந்து மெட்ராஸ். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு வரணும்னா எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்.

காரு இல்லையான்னு பாக்குறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. கம்பெனில அனுப்புறேன்னுதான் சொன்னாங்க, நான்தான் வேணாம்னுட்டேன். காருன்னா டிரைவர் ஒருத்தன்தான், அவனும் ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பான். பஸ்ஸுன்னா நாலு மனுஷ மூஞ்சி இருக்கு.

இல்ல தம்பி. அது முடியாது. கோவிச்சுக்காதீங்க. போட்டோ எத்தன வேணா எடுங்க, தோள்ல கை போட்டு எடுங்க. ஆனா, ‘ஒரு தடவ அழுது காட்டுங்க சார், எங்க அம்மாவுக்கு அனுப்பணும்’னு கேக்குறீங்க பாருங்க, அது மட்டும் ஆவாது. பந்தா பண்ணிக்கிட்டுச் சொல்லல. போன மாசம் கேட்டிருந்தா இந்நேரம் அழுது முடிச்சிருப்பேன். கல்யாண வீட்டுல கேட்டிருக்காங்க, அழுதிருக்கேன். காதுகுத்துல கேட்டாங்க, கையில பாயசத்த வச்சுக்கிட்டே அழுதேன். ஒரு பெட்ரோல் பங்க்ல அந்தப் பசங்க கேட்டாங்கன்னு அழுதேன். யாருக்கும் இல்லன்னு சொன்னதில்ல.

இப்ப வரல. சுத்தமா வரல. வறண்டு கெடக்கு. நாளைக்குக் காலைல எனக்கு ஷூட்டிங் தம்பி. க்ளைமாக்ஸ். செத்துப்போன மகளத் தூக்கிக்கிட்டு அந்த அப்பன் ஆஸ்பத்திரி வராண்டாவுல இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து வரணும். ஒரே ஷாட்டு. கட்டே கிடையாது. கேமரா என் மூஞ்சிக்கு முன்னாடியே பின்னால போய்க்கிட்டு இருக்கும். போன வாரம் அத எடுக்க முடியல. என்னாலதான் முடியல. காலைலேருந்து பொழுது சாயுற வரைக்கும் நடந்தேன். அந்தப் புள்ளைய, பாவம் அது கைக்குழந்தையில்ல, நல்லா வளந்த புள்ள, தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்ட எறங்கிப்போச்சு. கண்ணு மட்டும் காஞ்ச கருவாடு மாதிரி இருக்கு.

கிளிசரின் போட்டாங்க. எனக்குக் கிளிசரின்! என் பேரே கிளிசரின் போடாத அப்பா. போஸ்டர்ல போட்டாங்கல்ல, நீங்க பாத்திருப்பீங்க. சரின்னு கண்ணக் காட்டுனேன். தண்ணி வந்துச்சு. டைரக்டர் மானிட்டரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சின்னப் பையன்தான், மரியாதையான பையன். என்கிட்ட வந்து மெதுவா சொன்னாரு. ‘சூசை சார், கண்ணுலதான் தண்ணி இருக்கு. மூஞ்சில இல்லையே’ன்னாரு. வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னாரு. நான் போனதும் அசோசியேட் டைரக்டர் வேற ஒரு ஆளுக்கு ஃபோன் பண்ணியிருக்கான். எனக்குத் தெரியும். மேக்கப்காரர் சொல்லிட்டாரு. நாளைக்கும் வரலைன்னா என்னையத் தூக்கிட்டு, எடுத்த வரைக்கும் திரும்ப அந்த ஆள வச்சு எடுக்கப் போறாங்க.

என்ன வேற வேஷமா? யாரு குடுப்பா தம்பி எனக்கு வேற வேஷம்? நான் நடிகன் இல்ல. எனக்கு நடிக்கவே தெரியாது. அழத் தெரியும். அவ்வளவுதான்.

நான் டிரம்ஸ்காரன். பொன்மலைல பொறந்து, சர்ச்சு கொயர்ல தட்ட ஆரம்பிச்சு, அப்புறம் பால்துரை அண்ணன் ஆர்க்கெஸ்ட்ராவுல சேந்தேன். அந்தக் காலத்துல பங்குனில வேன் ஏறுனா ஆடி முடிஞ்சுதான் எறங்குவோம். மாரியம்மன் திருவிழா, மாதா கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, கட்சிப் பொதுக்கூட்டம், எதையும் விட மாட்டோம். புதுக்கோட்டைல வாசிச்சிட்டு வேன்லயே தூங்கி ராமநாதபுரத்துல முழிப்போம். டிரம்ஸுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, வெளிய யாருக்கும் தெரியாது. டிரம்ஸ்காரன் மேடைல கடைசில ஒக்காந்திருப்பான். அவனுக்குக் கூட்டம் தெரியாது. பாடுறவன் முதுகு, கீபோர்டுக்காரர் முதுகு, கோரஸ் பாடுற புள்ளைங்க ஜடை, இதான் தெரியும். ஆளுங்க மூஞ்சியவே பாக்காம ஒரு தொழில் செஞ்சவன் நான். அதனாலதானோ என்னவோ இப்ப மூஞ்சின்னா எனக்கு அவ்வளவு ஆச.

கல்யாணம் ஆச்சு. பொண்டாட்டி பேரு ஜெசிந்தா, திண்டுக்கல்காரி. இப்ப அவளப் பாத்துட்டுத்தான் வர்றேன். மக ஒண்ணு. செலின். ரெண்டாங்கிளாஸ் படிச்சா. மூணாங்கிளாஸோ, இருங்க. ரெண்டாங்கிளாஸ்தான். நான் வீட்டுக்கு வர்றப்பல்லாம் அவ கொஞ்சம் கொஞ்சம் பெருசாயிருப்பா, எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனா உசுரு தம்பி. அப்பனுக்குப் பொண்ணுன்னா என்னன்னு நான் சொல்லணுமா? உங்களுக்குப் பொண்ணு இருக்கா? ரெண்டா! நல்லா இருக்கட்டும்.

அன்னிக்குக் காலைல வேன் வந்து ஹாரன் அடிக்குது. புள்ளைக்குக் காய்ச்சல். ஜெசிந்தா வாசல்ல வந்து நிக்கிறா, ‘இன்னைக்கு ஒரு நாள் இருங்களேன்’ங்குறா. நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சூடுதான். காய்ச்சல்னா சூடு இருக்கத்தானே செய்யும். டிரம்ஸ் இல்லாம ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எங்க போறது? நான் இல்லைன்னா பதிமூணு பேரு பொழப்பு கெடும். அதச் சொன்னேன். அவ என்னைக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டா, அதுதான் அவகிட்ட இருக்குற கோளாறே.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. மத்தியானமே போயிட்டோம். கமிட்டித் தலைவர் வீட்டுலதான் சாப்பாடு. நல்ல மீன் கொழம்பு, எனக்கு இன்னும் நாக்குல இருக்கு. சாப்பிட்டுட்டு நான் ஊரச் சுத்திட்டு வந்தேன். சாயங்காலம் பால்துரை அண்ணன் எனக்குத் தன் கையால டீ கொண்டாந்து குடுத்தாரு. அவரு லீடரு தம்பி, யாருக்கும் டீ தூக்குற ஆளு இல்ல. ‘சூசை, குடிச்சுக்கடா’ன்னாரு. நான் குடிச்சேன்.

கச்சேரி ஆரம்பிச்சுச்சு. மொதப் பாட்டு சாமி பாட்டு. ரெண்டாவது பாட்டுலேருந்து பாக்குறேன், எல்லாரும் திரும்பித் திரும்பி என்னையப் பாக்குறாங்க. பாடுறவன் பல்லவிய முடிச்சிட்டுத் திரும்பிப் பாக்குறான். கோரஸ் புள்ளைங்க பாக்குதுங்க. புல்லாங்குழல்காரரு, அவரு யாரையும் பாக்காத மனுஷன், அவரும் பாக்குறாரு. நான் என்ன நெனச்சேன்? இன்னைக்கு நம்ம கை பேசுதுடான்னு நெனச்சேன். இத்தன வருஷம் முதுகக் காட்டுனவங்க இன்னைக்கு மூஞ்சியக் காட்டுறாங்களேன்னு நெனச்சேன். விட்டேன் பாருங்க ஒரு உருட்டு! சும்மா இருக்க வேண்டிய எடத்துலயும் உருட்டுனேன். குத்துப்பாட்டுக்குக் கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’னு கத்துது. பால்துரை அண்ணன் வேணாம்னு தலைய ஆட்டுறாரு. நான் விடல. நானே குச்சியத் தட்டி, ஒன் டூ த்ரீ ஃபோர்னு எடுத்துக் குடுத்துட்டேன். என் வாழ்க்கைல அப்படி ஒரு வாசிப்பு நான் வாசிச்சதில்ல. அப்படி ஒரு சந்தோஷமும் பட்டதில்ல.

மங்களம் பாடி முடிச்சதும் சொன்னாங்க. செலின் போயிட்டா. மத்தியானமே போயிட்டா. சாயங்காலம் எனக்கு டீ வர்றதுக்கு முன்னாடியே கமிட்டித் தலைவர் வீட்டு ஃபோனுக்குச் சேதி வந்துருச்சு. மேடைல இருந்த எல்லாருக்கும் தெரியும். மைக்செட்டுக்காரனுக்குத் தெரியும். ஜெனரேட்டர் பாத்துக்குறவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. மேடை ஏறப்போறவன்கிட்ட எழவுச் சேதி சொல்லக்கூடாது. கச்சேரி முடிஞ்சப்புறந்தான் சொல்லணும். எல்லா ஆர்க்கெஸ்ட்ராவுலயும் அப்படித்தான். தபேலா ரத்தினத்தோட அம்மா எறந்தப்ப நானே அவன்கிட்டச் சொல்லாம சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். அது தொழில். அது வேற. ஆனா பெத்த மக தம்பி! பெத்த மகளுக்குமா அந்தப் பழக்கம்?

அடிச்சேன். அங்கனயே, அத்தன பேரு முன்னாடியும், பால்துரை அண்ணன கன்னத்துல அறஞ்சேன். அவரு கையத் தூக்கல. ‘கூட்டம் கலாட்டா பண்ணும்னு சொல்லாம விட்டியா? டிரம்ஸ் இல்லாம உன் பேரு கெட்டுரும்னு விட்டியா?’ன்னு கத்துனேன். அழுதுகிட்டே நின்னாரு, அவ்வளவுதான். தப்பு செஞ்சவன் எப்படிப் பேசுவான்னு நெனச்சேன். அதோட ஆர்க்கெஸ்ட்ராவ விட்டேன். அந்தக் குச்சிய ரொம்ப நாளு தொடல. பத்து வருஷம் கழிச்சு அவரு எறந்துட்டாருன்னு ஆளு வந்து சொன்னாங்க. போகல. அவரு பொண்டாட்டி வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டும் போகல. கடைசியா உன் பேரத்தான் சொன்னாருன்னாங்க. சொல்லட்டும்னேன்.

வெள்ளரிப்பிஞ்சு சாப்பிடுறீங்களா? அய்யலூர்ல நல்லா இருக்கும். வேணாமா, சரி.

வீட்டுக்கு வந்து பாத்தப்ப புள்ளையப் பெட்டில வச்சிருக்கு. வெள்ள ஃபிராக்கு. தலையில பூ வளையம். கால்ல வெள்ள சாக்ஸ். ஒரு காலு சாக்ஸ் சரியா இருக்கு, இன்னொண்ண உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி திருப்பிப் போட்டிருக்கு. நூலெல்லாம் வெளிய தொங்குது. நான் அதையேதான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல. பாக்க முடியல. சர்ச்சு சாமியாரு செபம் சொல்றாரு, பெட்டிய மூடுறாங்க, நான் அந்த சாக்ஸையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

அப்புறம் ஒரு பேண்டு செட்டுல சேந்தேன். கல்யாணத்துக்கும் எழவுக்கும் போறது. கழுத்துல பெல்ட்டு போட்டு டிரம் தொங்கும், நடந்துக்கிட்டே வாசிக்கிறது. ஒரு நாளு சினிமாக் கம்பெனிலேருந்து கூப்பிட்டாங்க, சவ ஊர்வலத்துல வாசிக்கணும்னு. போனேன். போயிப் பாத்தா பெட்டிக்குள்ள ஒரு சின்னப் புள்ள. வெள்ள ஃபிராக்கு, வெள்ள சாக்ஸ். உசுரோட இருக்குற புள்ளதான், வெயில் தாங்காம கட்ட வெரல ஆட்டுது. அதப் பாத்துட்டேன். அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. அப்பாவா நடிக்கிறவரு பெரிய நடிகரு, அவருக்கு வரமாட்டேங்குது. பின்னாடி டிரம்ம மாட்டிக்கிட்டு நான் குலுங்கிக் குலுங்கி அழுறேன். டைரக்டர் பாத்தாரு, கேமராவ என் பக்கம் திருப்புடான்னாரு. படம் வந்தப்ப அந்த நடிகர யாரும் பேசல. ‘அந்த பேண்டுக்காரன் யாருய்யா?’ன்னாங்க.

அப்படித்தான் ஆரம்பிச்சது. அப்பா சூசை. பொண்ணு ஓடிப்போனா அழுற அப்பா, பொண்ணு செத்தா அழுற அப்பா, பொண்ணு கலெக்டரானா அழுற அப்பா. எனக்கு எப்படி வரும்னு கேப்பாங்க. சொல்ல மாட்டேன். மனசுக்குள்ள குச்சியத் தட்டுவேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர். நாலாவது தட்டுல அந்த சாக்ஸ் வரும். நூலு தொங்கிக்கிட்டு வரும். அது வந்தா தானா ஊத்தும். டைரக்டருங்க அசந்து போவாங்க. ‘லெஃப்ட் கண்ணுல மொதல்ல வரட்டும்’னு ஒருத்தரு கேட்டாரு, அதுவும் வந்துச்சு.

தம்பி, நான் அத வெறும் தொழிலுன்னு மட்டும் செய்யல. அதப் புரிஞ்சுக்கணும். எந்த அப்பனுக்குக் குடுத்து வச்சிருக்கு? செத்துப்போன மகளுக்காக ஒரு நாடே அழுதிருக்கு. தேட்டர் தேட்டரா அழுதிருக்கு. மத்த வீட்டுல ஒரு போட்டோ மாட்டி வெளக்கு வச்சிட்டு விட்ருவாங்க. நான் எத்தன ஷூட்டிங்ல அவள நெனச்சிருக்கேன்! அதத்தான் டீவில சொன்னேன்.

நீங்க அதப் பாக்கலையா? ஊரே பாத்துச்சே. போன வாரந்தான் டீவில பேட்டி. ‘சார், உங்க அழுகையோட ரகசியம் என்ன?’ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. இந்தப் பெரிய படத்துக்கு விளம்பரம், கம்பெனிலயும் மனசு விட்டுப் பேசுங்கன்னு சொல்லியிருந்தாங்க. சொன்னேன். ஃபிராக்கு, பூ வளையம், சாக்ஸு, எல்லாத்தையும் சொன்னேன். பேட்டி எடுத்த பொண்ணு அழுதுருச்சு. கேமராமேன் அழுதான். பின்னாடி ஒக்காந்திருந்த ஜனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. எனக்கு அப்படி ஒரு கைதட்டு வந்ததே இல்ல.

ஜெசிந்தா வீட்டுல பாத்திருக்கா. பக்கத்து வீட்டு ஆளுங்களும் ஒக்காந்து பாத்திருக்காங்க. நான் வீட்டுக்கு வந்தேன், ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். துணிமணிய எடுத்து வச்சிக்கிட்டு இருந்தா. திண்டுக்கல்ல இருக்குற அவ தம்பி வீட்டுக்குப் போறேன்னா. ஏன்டின்னேன். அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. ‘எம்புள்ளைய இதுவரைக்கும் எத்தன படத்துல சாவடிச்சீங்க?’ன்னு கேட்டா.

இது நியாயமா? நீங்களே சொல்லுங்க. நான் சாவடிச்சேனாம். செலின் பேர நான் எங்கயும் கெடுக்கல. பேட்டில கூட ‘என் தெய்வம்’னுதான் சொன்னேன்.

அவ போன மறுநாளுதான் அந்த ஷாட்டு. ஒன் டூ த்ரீ ஃபோர்னு தட்டுறேன். சாக்ஸ் வருது. வந்து சும்மா நிக்கிது. கடைல தொங்குற சாக்ஸ் மாதிரி நிக்கிது. திரும்பத் தட்டுறேன், திரும்ப வருது, ஒண்ணும் ஆகல. ரொம்ப நாளு அடிச்ச டிரம் தோலு ஒரு நாளு தொங்கிப் போகும் பாருங்க, எப்படி அடிச்சாலும் சத்தம் வராது. அந்த மாதிரி ஆயிருச்சு. எல்லாத்தையும் டீவில கொட்டிட்டேன்ல. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.

அப்பத்தான் தோணுச்சு. எனக்கு இருக்குறது ஒரு சாக்ஸு. ஜெசிந்தாகிட்ட அந்த முழு நாளும் இருக்கு. காலைல வேன் போனதுலேருந்து நான் வந்து சேந்த வரைக்கும் அவதானே இருந்தா? என்ன நடந்துச்சு, புள்ள என்ன சொல்லுச்சு, யாரு வந்தாங்க, ஒண்ணும் நான் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல. இத்தன வருஷமா அவ்வளவையும் உள்ளேயே வச்சுப் பூட்டிக்கிட்டு என்ன செய்யப் போறா? எனக்குக் குடுத்தா ஆகாதா? நானும் பெத்தவன்தானே?

அதான் காலைல திண்டுக்கல் போனேன். நான் எதையும் மறைக்கல. நேராக் கேட்டேன். அவ முருங்கக்கீரைய உருவிக்கிட்டு இருந்தா, நிமிந்து பாக்கல. ‘அன்னைக்கு நடந்ததச் சொல்லு ஜெசிந்தா, எனக்கு அழுகை வரமாட்டேங்குது’ன்னேன். அவ தம்பி பொண்டாட்டி அடுப்படிலேருந்து எட்டிப் பாத்துட்டுத் தலைல அடிச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. ஜெசிந்தா கேட்டா, ‘எப்ப ஷூட்டிங்?’னு. நாளைக்குன்னேன். ‘சரி, கேட்டுக்கங்க’ன்னா.

சொன்னா. கதை சொல்ற மாதிரி இல்ல, மளிகைச் சாமான் சொல்ற மாதிரி சொன்னா. நான் போனதும் புள்ளைக்கு ஜன்னி வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரரோட ஆட்டோல தூக்கிட்டுப் போயிருக்காங்க. போற வழில ‘அம்மா, குளுருது’ன்னு சொல்லியிருக்கா. இவ சேலத் தலப்ப எடுத்துப் போத்தியிருக்கா. ஆஸ்பத்திரில டாக்டரு பாத்துட்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மான்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். ஆட்டோலயே திரும்பக் கொண்டுவந்துட்டாங்க.

அப்புறம் சொன்னா, தபால் ஆபீசுக்குப் பக்கத்துல போயி ஃபோன் பண்ணேன்னு. பால்துரை அண்ணன்தான் எடுத்தாராம். சேதியக் கேட்டதும் கொழந்த மாதிரி அழுதாராம். ‘இப்பவே கார் புடிச்சு அனுப்புறேன்மா, கச்சேரி கெடக்கட்டும், இந்த ஊர்க்காரங்க கால்ல விழுந்துக்குறேன்’னாராம். இவதான் வேணாம்னு சொல்லியிருக்கா.

ஆமா தம்பி. இவதான். கச்சேரி முடிஞ்சு அனுப்புங்கண்ணேன்னு இவதான் சொல்லியிருக்கா. அவரு முடியாதுன்னு சண்ட போட்டிருக்காரு. இவ கெஞ்சியிருக்கா. ‘அவரு வந்தா இந்த வீட்டுல அவரு சத்தந்தாண்ணே இருக்கும். நான் அவரத்தான் தேத்தணும். எனக்கு இன்னைக்கு அதுக்குத் தெம்பு இல்ல. எம்புள்ளகூட நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, உங்க மேலேயே போட்டுக்கங்க’ன்னு சொல்லியிருக்கா. சாகுற வரைக்கும் அந்த மனுஷன் வாயத் தெறக்கல. நான் அறஞ்சப்பவும் தெறக்கல.

கீரைய உருவிக்கிட்டேதான் சொல்றா. நான் கேட்டேன். ‘சரி, நீ தனியா இருந்தியே, அப்ப என்ன செஞ்ச? புள்ளகிட்ட என்ன பேசுன?’ன்னு. அதுதானே தம்பி முக்கியம்? அதுலதானே சரக்கு இருக்கு? அவ கீரைத் தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. ‘அது உங்களுக்கு இல்ல’ன்னா. ‘அத மட்டும் நான் வச்சுக்குறேன்’னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. எவ்வளவோ கெஞ்சுனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, பாட்டுப் பாடுனியா, தலை சீவி விட்டியா, எதையாவது சொல்லுடின்னு கெஞ்சுனேன். அவ தம்பி வந்து என் கையப் புடிச்சு வாசல்ல கொண்டாந்து விட்டுட்டான்.

பஸ் ஸ்டாண்டுலேருந்து முயற்சி பண்றேன். பால்துரை அண்ணன் டீ கொண்டாந்தத நெனச்சுப் பாத்தேன். ‘குளுருது’ன்னு சொன்னத நெனச்சேன். சேலத் தலப்ப நெனச்சேன். ஒவ்வொண்ணுக்கும் தட்டிப் பாத்துட்டேன். வரல. பயமா இருக்கு தம்பி. வேஷம் போனாப் போகுதுன்னு விட்ருவேன், சத்தியமா. அழும்போது மட்டுந்தான் செலின் எனக்கு வருவா. வேற எப்பவும் வரமாட்டா. மூஞ்சி எனக்கு மறந்து போச்சு. போட்டோவப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு. அழுதா, அந்தக் கொஞ்ச நேரம், எம்பொண்ணுன்னு தெரியும். இனிமே அழவே வரலைன்னா எனக்குப் புள்ளையே பொறக்கல, அவ்வளவுதான்.

என்ன தம்பி, எந்திரிக்கிறீங்க? மணப்பாறை வந்துருச்சா? இருங்க, கூட்டம் எறங்கட்டும். பைய நான் எடுத்துத் தர்றேன்.

அட, தம்பி. திரும்புங்க இப்படி. அழுறீங்களா? தொடைக்காதீங்க. வெக்கப்படாதீங்க, தொடைக்காதீங்க, நான் பாக்கணும். கண்டக்டர், ஒரு நிமிஷம் இருப்பா, ஆளு எறங்கணும். தம்பி, எந்த எடத்துல வந்துச்சு? நான் சொல்லிக்கிட்டு வந்தேன்ல, எதச் சொன்னப்ப உங்களுக்கு வந்துச்சு? குளுருதுன்னு சொன்னா பாருங்க, அங்கயா? இல்ல, பால்துரை அண்ணன் அழுதாருன்னேனே, அங்கயா? எந்த எடம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி. உங்களுக்கு வந்திருக்கே.